சீ நிறுவனம், 2023 இரண்டாம் காலாண்டு: 331 மில்லியன் லாபம் காட்டியும் பங்கு ஏன் விழுகிறது?

தேக்கா வாசி | 15 ஆகஸ்ட் 2023, இரவு 9.02

ஷாப்பி (இணையக் கடை), கரினா (இணைய விளையாட்டு), சீமணி (நிதிச் சேவை) மூன்றுக்கும் தாய் நிறுவனமான சீ இன்று மாலை காலாண்டு முடிவை வெளியிட்டது. வருவாய் 3.1 பில்லியன் அமெரிக்க டாலர், போன ஆண்டைவிட 5.2 விழுக்காடு கூடுதல். நிகர லாபம் 331 மில்லியன். போன ஆண்டு இதே காலாண்டில் 931 மில்லியன் இழப்பு. சிங்கப்பூர் நேரம் இரவு 7.30க்குத் தொடங்கிய எர்னிங்ஸ் காலும் (நிர்வாகம் ஆய்வாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தொலைபேசிக் கூட்டம்) முடிந்துவிட்டது. நியூயார்க் சந்தை திறக்கும் முன்பே பங்கு பலமாக அடி வாங்கியிருக்கிறது.

இழப்பிலிருந்து லாபத்துக்கு வந்த நிறுவனத்துக்கு இந்த அடி ஏன்? 9.30க்குச் சந்தை திறந்ததும் பங்கு வைத்திருப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கணக்கேடு | 15 ஆகஸ்ட், இரவு 9.14

காரணத்தைப் பிறகு பேசலாம். திறக்க இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கிறது, ஆர்டர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டாப் லாஸ் (விலை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆணை) போட்டு வைத்திருந்தால் இப்போதே செயலியைத் திறந்து பாருங்கள். 52 டாலரில் ஸ்டாப் இருந்தால் 52க்கு விற்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. விலை 52ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ அது மார்க்கெட் ஆர்டராக, அதாவது கிடைத்த விலைக்கு விற்கும் ஆணையாக மாறும், அவ்வளவுதான். சந்தை 46இல் திறந்தால் 46க்குத்தான் விற்கும். பெரும்பாலான தரகு நிறுவனங்களில் ஸ்டாப் வழக்கமான சந்தை நேரத்தில் மட்டுமே இயங்கும். சீ முடிவை வெளியிடுவது நம் மாலை நேரத்தில். முன்சந்தை நடந்துகொண்டிருக்க, உங்கள் ஸ்டாப் தூங்கிக்கொண்டிருக்கும், திறந்த கணத்தில் மோசமான விலைக்கு ஓடும்.

ஸ்டாப் லிமிட் (ஸ்டாப் விலையைத் தொட்டதும், லிமிட் விலைக்குக் குறையாமல் மட்டும் விற்கும் ஆணை) போட்டிருந்தால் சிக்கல் வேறு. 52 ஸ்டாப், 51 லிமிட் என்று இருக்க, சந்தை 46இல் திறந்தால் ஆர்டர் விற்காமல் அப்படியே கிடக்கும். விலை 51க்கு ஏறினால்தான் விற்கும். பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பு மட்டும்தான் மிஞ்சும்.

விற்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால் லிமிட் ஆர்டர் போடுங்கள். திறந்த முதல் 15 நிமிடம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருக்கும், மார்க்கெட் ஆர்டர் வேண்டாம். மார்ஜினில், அதாவது தரகரிடம் கடன் பெற்று வாங்கியிருப்பவர்கள் பங்கைப் பார்ப்பதற்கு முன் பராமரிப்பு மார்ஜினை, அதாவது கணக்கில் குறைந்தது இருக்க வேண்டிய தொகையைப் பாருங்கள். சில தரகர்கள் அழைத்துச் சொல்வதெல்லாம் கிடையாது, கணக்கில் பணம் குறைந்ததும் தாமாகவே விற்றுவிடுவார்கள்.

கரையோரம் | 15 ஆகஸ்ட், இரவு 9.40

காரணம் எண்களில் இல்லை. அறிக்கையின் மேற்பகுதியிலேயே, சீயின் தலைவர் ஃபாரஸ்ட் லீயின் பெயரில் வந்த பத்தியில் இருக்கிறது. ஷாப்பியில் முதலீட்டைக் கூட்டத் தொடங்கிவிட்டோம், எல்லாச் சந்தைகளிலும் இன்னும் கூட்டுவோம், அதனால் சில காலகட்டங்களில் ஷாப்பிக்கும் மொத்தக் குழுமத்துக்கும் இழப்பு வரலாம் என்கிறார்.

இதன் கனம் புரிய ஓராண்டு பின்னே போக வேண்டும். 2022 செப்டம்பரில் அவர் ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பில், நிறுவனம் சொந்தக் காலில் நிற்கும்வரை தலைமைக் குழுவினர் சம்பளம் வாங்க மாட்டார்கள் என்றார். அந்த ஆண்டில் ஷாப்பி இந்தியாவையும் பிரான்சையும் விட்டு வெளியேறியது, ஆட்குறைப்பு நடந்தது. 2022 நான்காம் காலாண்டில் 422.8 மில்லியன் லாபம், நிறுவன வரலாற்றில் முதல்முறையாக. சிக்கனம் பிடித்து லாபம் தரும் நிறுவனமாகிவிட்டது என்று நம்பித்தான் இந்த ஆண்டு பலர் பங்கை வாங்கினார்கள். முதல் லாபம் வந்த மூன்றாவது காலாண்டிலேயே அந்த உறுதி திரும்பப் பெறப்பட்டிருக்கிறது. எவ்வளவு செலவு, எத்தனை காலாண்டு, எந்த இலக்கை எட்டினால் நிறுத்துவோம் என்று எதற்கும் எல்லை சொல்லவில்லை.

ஈசூன்_85 | 15 ஆகஸ்ட், இரவு 10.05

அண்ணே, இது கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது. சந்தை எதிர்பார்த்த வருவாய் 3.2 பில்லியன் சுற்றளவு, வந்தது 3.1. எதிர்பார்ப்பை எட்டவில்லை, விலை விழுந்தது. வேறு பெரிய காரணம் வேண்டுமா?

கணக்கேடு | 15 ஆகஸ்ட், இரவு 10.31

தம்பி, 3 விழுக்காடு வருவாய்க் குறைவுக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பு போகாது. சந்தை எதை வைத்து விலை போட்டிருந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் காலாண்டின் சரிசெய்த எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம்) 510 மில்லியன். நான்கால் பெருக்கினால் ஆண்டுக்கு 2 பில்லியன். நேற்றைய விலையான சுமார் 57 டாலரில் நிறுவனத்தின் மதிப்பு 32 பில்லியன் அளவில் இருந்தது. அதாவது 16 மடங்கு. வருவாய் வளர்ச்சி 5 விழுக்காடுதான், ஆனாலும் லாபம் நிலைக்கும் என்பதால் அந்த மடங்கை ஏற்றுக்கொண்டார்கள். இப்போது நிர்வாகமே அந்த 2 பில்லியனை நம்பாதீர்கள் என்று சொல்கிறது. மடங்குக் கணக்கின் அடித்தளமே போய்விட்டது. லாபத்தை வைத்து விலை போட்டவர்கள் வெளியேறுவார்கள். வளர்ச்சியை வைத்து விலை போடுபவர்கள் 5 விழுக்காட்டைப் பார்த்து உள்ளே வர மாட்டார்கள். வாங்க ஆள் இல்லாத இடைவெளியில்தான் விலை விழுகிறது.

பெரிய சரிவுகள் பலவற்றில் இதே அச்சு இருக்கிறது. 2022 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் 35 விழுக்காடு விழுந்தது. இழந்த சந்தாதாரர்கள் வெறும் 2 லட்சம். அடுத்த காலாண்டில் இன்னும் 20 லட்சம் போவார்கள் என்று நிறுவனமே சொன்னதுதான் அடி. 2022 அக்டோபரில் மெட்டா சுமார் 25 விழுக்காடு விழுந்ததும் அடுத்த ஆண்டுச் செலவுத் திட்டத்தால். முடிந்த காலாண்டின் எண்ணைவிட வரும் காலாண்டுகளைப் பற்றி என்ன மாறியது என்பதை முதலில் தேடுங்கள்.

நிலாக்கரை | 15 ஆகஸ்ட், இரவு 11.20

அறிக்கை முழுவதையும் படித்தாயிற்று. பிரிவு வாரியாகச் சொல்கிறேன். மொத்த லாபத்தைப் பார்த்தால் எதுவும் விளங்காது.

கரினா: கணக்கியல் வருவாய் 529.4 மில்லியன், புக்கிங்ஸ் 443.1 மில்லியன். இரண்டுக்கும் வித்தியாசம் 86 மில்லியன். விளையாடுபவர் இன்று கொடுக்கும் பணம் புக்கிங்ஸ். அதை நிறுவனம் பல மாதங்களுக்குப் பரப்பி வருவாயாகக் காட்டும். வருவாய் புக்கிங்ஸைவிடப் பெரிதாக இருந்தால் பழைய பணம் வருவாயாகக் கரைந்துகொண்டிருக்கிறது, அதே அளவு புதுப் பணம் வரவில்லை என்று பொருள். போன ஆண்டு இதே காலாண்டில் புக்கிங்ஸ் 717.4 மில்லியன். 38 விழுக்காடு வீழ்ச்சி. ஆறுதல் ஒன்று: பணம் கட்டும் பயனர்கள் 43.1 மில்லியன், முந்தைய காலாண்டைவிடக் கூடியிருக்கிறார்கள்.

ஷாப்பி: வருவாய் 2.1 பில்லியன், 20.6 விழுக்காடு வளர்ச்சி. சரிசெய்த எபிட்டா 150.3 மில்லியன். இதில் ஆசியா 204.1 மில்லியன் லாபம், பிரேசில் உள்ளிட்ட மற்றச் சந்தைகள் 53.8 மில்லியன் இழப்பு. முந்தைய காலாண்டில் மொத்தம் 207.7 மில்லியன். ஆக, செலவைக் கூட்டுவது அறிவிப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது. கவனமாகப் படித்தவர்களுக்கு இது மூன்று மாதத் தடம்.

சீமணி: வருவாய் 427.9 மில்லியன், எபிட்டா 137 மில்லியன்.

கவலைக்குரிய இடம் இதுதான். ஷாப்பியின் விரிவாக்கத்துக்கு முன்பெல்லாம் பணம் போட்டது கரினா. 2021இல் கரினா ஊற்றாக இருந்தது, ஷாப்பி எவ்வளவு எரித்தாலும் தாங்கியது. 2022 பிப்ரவரியில் கரினாவின் ஃப்ரீ ஃபயர் விளையாட்டை இந்தியா தடை செய்த பிறகு நிலைமை வேறு. இப்போது கரினா காலாண்டுக்கு 239.5 மில்லியன் எபிட்டாதான் தருகிறது. கையில் 7 பில்லியனுக்கு மேல் ரொக்கமும் குறுகிய கால முதலீடுகளும் இருப்பதால் நிறுவனம் மூழ்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் செலவு காலாண்டுக்கு 500 மில்லியன் கூடினால் அதை எந்தப் பிரிவும் ஈடுகட்டாது.

தேக்கா வாசி | 15 ஆகஸ்ட், இரவு 11.48

நன்றி அக்கா. சீயின் இணைய வங்கியான மேரிபேங்க் கணக்கில் பணம் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டுமா? நம் குழுவின் வாட்ஸ்அப் செய்திகளில் அந்தக் கேள்விதான் ஓடுகிறது.

நிலாக்கரை | 15 ஆகஸ்ட், இரவு 11.57

வேண்டாம். மேரிபேங்க் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்ற தனி வங்கி, அதன் மூலதன விதிகள் தனி. தாய் நிறுவனத்தின் பங்கு விலை வைப்புத்தொகையைத் தொடாது. 2023 நிலவரப்படி ஒருவருக்கு ஒரு வங்கியில் 75,000 வெள்ளிவரை வைப்புத்தொகைக் காப்புறுதி உண்டு.

கணக்கேடு | 16 ஆகஸ்ட், காலை 7.10

முடிவு விலை 40 டாலர் சொச்சம். ஒரே நாளில் 28.7 விழுக்காடு.

இனிச் சராசரி விலையைக் குறைக்கலாமா என்ற பேச்சு வரும். கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒருவர் 80 டாலரில் 100 பங்கு வாங்கியிருந்தால், முதலை மீட்க விலை 97 விழுக்காடு ஏற வேண்டும். இன்னொரு 100 பங்கை 40.60க்கு வாங்கினால் சராசரி 60.30, தேவையான ஏற்றம் 48.5 விழுக்காடு. பாதியாகக் குறைந்ததுபோல் தெரியும். ஆனால் முடங்கும் பணம் 8,000இல் இருந்து 12,060 ஆகிவிட்டது, அதுவும் எல்லை சொல்லாமல் செலவைக் கூட்டும் ஒரே நிறுவனத்தில். மொத்தச் சேமிப்பில் 10 விழுக்காடு இந்தப் பங்கில் இருந்திருந்தால் நேற்றைய அடி 2.9 விழுக்காடு. 30 விழுக்காடு இருந்திருந்தால் 8.6. வாங்குவதற்கு முன் இந்தப் பெருக்கலைப் போடுங்கள், உங்கள் பழைய வாங்கிய விலையை அதில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. அமெரிக்க வலைப்பக்கங்களில் நட்டத்துக்கு விற்று வரியைக் குறையுங்கள் என்று எழுதுவார்கள். சிங்கப்பூரில் தனிமனிதரின் நீண்ட கால முதலீட்டு ஆதாயத்துக்கு வரியே இல்லை, ஆகவே நட்டத்துக்கும் சலுகை இல்லை. அந்த ஆலோசனை நமக்குப் பயன்படாது.

ஈசூன்_85 | 16 ஆகஸ்ட், மதியம் 12.40

அமெரிக்கச் சொத்து வரி? பங்குதாரர் இறந்தால் 60,000 டாலருக்கு மேல் 40 விழுக்காடுவரை போகும் என்கிறார்களே.

கரையோரம் | 16 ஆகஸ்ட், மதியம் 1.05

அந்த வரம்பு அமெரிக்காவில் பதிவான நிறுவனங்களின் பங்குகளுக்கு. ஆப்பிள், மெட்டா வைத்திருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். சீ கேமன் தீவுகளில் பதிவான நிறுவனம், நியூயார்க்கில் வாங்குவது அதன் வைப்புப் பங்கு, ஒன்றுக்கு ஒரு ஏ வகைப் பங்கு. எந்தச் சந்தையில் விற்கிறது என்பதைவிட எங்கே பதிவானது என்பதே கேள்வி. பெரிய தொகை என்றால் வரி ஆலோசகரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதிவு விவகாரத்தில் இன்னொரு விளைவும் இருக்கிறது. தலைமையகம் இங்கேதான், ஆனால் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையான எஸ்ஜிஎக்ஸின் விதி எதுவும் சீயைக் கட்டாது. அமெரிக்காவிலும் அது வெளிநாட்டு நிறுவனம். அதனால் அமெரிக்க நிறுவனங்களின் காலாண்டு அறிக்கைப் படிவமான 10-க்யூ தேடினால் கிடைக்காது. காலாண்டு முடிவு 6-கே படிவத்தில் வரும், ஆண்டறிக்கை 20-எஃப். காலாண்டு ஆவணத்தில் விரிவான குறிப்புகள் இல்லை. அமெரிக்க நிறுவனங்களைப்போல் இயக்குநர்கள் பங்கு வாங்கினார்களா விற்றார்களா என்று சொல்லும் படிவம் 4-ம் 2023 நிலவரப்படி கிடையாது. ஆகவே எர்னிங்ஸ் காலின் கேள்வி பதில் பகுதிக்கு இங்கே மதிப்பு அதிகம். எவ்வளவு செலவு என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் எண் வராமல் போனால், அதையே ஒரு தகவலாகக் குறித்து வையுங்கள்.

ஈசூன்_85 | 16 ஆகஸ்ட், மாலை 6.22

ஷாப்பி ஏன் இப்போது செலவைக் கூட்ட வேண்டும்? இன்னும் நான்கு காலாண்டு லாபம் காட்டிவிட்டுக் கூட்டக் கூடாதா?

நிலாக்கரை | 16 ஆகஸ்ட், இரவு 8.15

போட்டியாளரான டிக்டாக் ஷாப் காத்திருக்காது. ஜூன் மாதம் ஜக்கார்த்தாவில் டிக்டாக் தலைவர் சியூ ஷவ் ஸி, தென்கிழக்காசியாவில் அடுத்த சில ஆண்டுகளில் பல பில்லியன் டாலர் போடுவோம் என்றார். ஜூலையில் அலிபாபா தன் இணையக் கடையான லசாடாவுக்கு 845 மில்லியன் கொடுத்தது. நேரலை விற்பனைக்குப் பழகிய வாடிக்கையாளர் ஷாப்பிக்குத் திரும்ப, ஷாப்பியும் நேரலை, இலவச அனுப்புகை, பற்றுச்சீட்டு எல்லாவற்றுக்கும் செலவழிக்க வேண்டும். விற்பனையாளர் இரண்டு தளத்திலும் கடை வைத்திருப்பார், கூட்டம் எங்கே போகிறதோ அங்கே சரக்கைத் தள்ளுவார். ஓராண்டு தள்ளிப்போட்டால் திரும்பப் பிடிக்க ஆகும் செலவு இரட்டிப்பாகும். முடிவு தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லை சொல்லாததுதான் தவறு.

எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அனுப்புகைக்குத் தரும் சலுகையின் ஒரு பகுதி செலவாகக் காட்டப்படாமல் வருவாயிலேயே கழிக்கப்படும். வாடகைக் கார் செயலி நிறுவனமான கிராப் நினைவிருக்கிறதா? 2022 மார்ச்சில் ஒரே நாளில் 37 விழுக்காடு விழுந்தது. அந்தக் காலாண்டில் தளத்தில் நடந்த மொத்த வணிகம் 26 விழுக்காடு ஏறியும் வருவாய் 44 விழுக்காடு இறங்கி 122 மில்லியன் ஆனது. ஓட்டுநருக்கும் பயணிக்கும் கொடுத்த ஊக்கத்தொகை வருவாயில் கழிந்ததுதான் காரணம். ஷாப்பி சலுகையைக் கூட்டினால் விற்பனைச் செலவும் ஏறும், வருவாய் வளர்ச்சியும் மந்தமாகும். இரண்டு தனித்தனி நோய் என்று நினைத்துவிடாதீர்கள்.

தேக்கா வாசி | 28 செப்டம்பர் 2023, காலை 9.30

இந்தோனேசியா சமூக ஊடகத்துக்குள் பொருள் விற்பதைத் தடை செய்துவிட்டது. ஷாப்பிக்கு நல்ல செய்திதானே?

கரையோரம் | 28 செப்டம்பர், காலை 10.12

கொஞ்ச காலத்துக்கு. விதி தடுப்பது சமூக ஊடகச் செயலிக்குள் நடக்கும் பரிவர்த்தனையை. தனிச் செயலி கொண்டோ உள்ளூர்த் தளம் ஒன்றோடு சேர்ந்தோ டிக்டாக் திரும்பி வரலாம், அதற்குப் பணமும் இருக்கிறது. இந்தச் செய்தியை நம்பி வாங்குபவர், ஷாப்பி இதனால் செலவைக் குறைக்கும் என்றும் சேர்த்து நம்ப வேண்டியிருக்கிறது. போட்டியாளர் தடுமாறும்போது இன்னும் அழுத்திச் சந்தைப் பங்கைப் பிடிப்பதும் உண்டு.

கணக்கேடு | 14 நவம்பர் 2023, மாலை 6.05

மூன்றாம் காலாண்டு இன்று. குளிர்கால நேரம் தொடங்கிவிட்டதால் எர்னிங்ஸ் கால் நமக்கு இரவு 8.30, சந்தை திறப்பு 10.30. ஆகஸ்டில் பட்ட பாட்டுக்குப் பிறகு பலர் புட் ஆப்ஷன் (குறித்த விலைக்குப் பங்கை விற்கும் உரிமை, விலை விழுந்தால் மதிப்பு ஏறும்) வாங்கக் கேட்கிறார்கள். விலையைப் பார்த்து வாங்குங்கள். பங்கு 45இல் இருக்க, அதே விலைக்கான கால் ஆப்ஷன் (வாங்கும் உரிமை), புட் இரண்டும் சேர்ந்து 6 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சந்தை ஏற்கெனவே இரு திசையிலும் 13 விழுக்காடு அசைவை எதிர்பார்க்கிறது என்று பொருள். 5 விழுக்காடு மட்டும் விழுந்தால் திசையைச் சரியாகக் கணித்தும் பணம் போகலாம், ஏனென்றால் முடிவு வெளியானதும் ஆப்ஷனின் ஏற்ற இறக்க மதிப்பு சுருங்கிவிடும். காப்பீடாக வாங்கினால் அந்தத் தொகை திரும்பாது என்று வைத்தே வாங்குங்கள். பங்கின் அளவைக் குறைப்பது இதைவிட மலிவு.

நிலாக்கரை | 15 நவம்பர், காலை 8.20

மறுபடி 22 விழுக்காடு. எண்கள் இதோ: வருவாய் 3.3 பில்லியன், 4.9 விழுக்காடு வளர்ச்சி. நிகர இழப்பு 144 மில்லியன். விற்பனை, விளம்பரச் செலவு 918 மில்லியன், ஆகஸ்ட் அறிக்கையில் அது 494 மில்லியன் சுற்றளவு. ஷாப்பியின் சரிசெய்த எபிட்டா 346.5 மில்லியன் இழப்பு. மொத்தக் குழுமத்தின் எபிட்டா 510 மில்லியனில் இருந்து 35.3 மில்லியனாகச் சுருங்கிவிட்டது. கரினா புக்கிங்ஸ் 447.9 மில்லியன், இறங்குவது நின்றிருக்கிறது.

இந்த முறை ஷாப்பி ஆர்டர் எண்ணிக்கை கிடைத்திருக்கிறது: 2.2 பில்லியன், முந்தைய காலாண்டைவிட 24 விழுக்காடு கூடுதல். மொத்த வணிக மதிப்பு 20.1 பில்லியன். வகுத்துப் பாருங்கள். ஓர் ஆர்டருக்கு 16 காசு அமெரிக்கப் பணத்தில் இழப்பு, வணிக மதிப்பில் 1.7 விழுக்காடு. இனிப் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான். ஆர்டர் எண்ணிக்கை 2.2 பில்லியனுக்குக் கீழே போகாமல் ஆர்டருக்கான இழப்பு குறைந்தால் பிடித்த வாடிக்கையாளர் தங்குகிறார். சலுகையைக் குறைத்ததும் ஆர்டரும் விழுந்தால் 918 மில்லியனில் பெரும்பகுதி வாடகைக்கு எடுத்த கூட்டம்.

ஈசூன்_85 | 15 நவம்பர், காலை 9.02

ஆகஸ்டில் நான் வருவாய்க் குறைவு என்று சொன்னேன், இம்முறை வருவாய் எதிர்பார்ப்பை ஒட்டியே வந்தும் 22 விழுக்காடு போய்விட்டது. புரிகிறது. சீமணியை நம்பலாமா? அது ஒன்றுதான் 165.7 மில்லியன் எபிட்டாவோடு ஒழுங்காக நிற்கிறது.

நிலாக்கரை | 15 நவம்பர், காலை 9.45

நிற்கிறது, ஆனால் அது கடன் கொடுக்கும் தொழில். வேகமாக வளரும் கடன் ஏட்டில் வாராக்கடன் விகிதம் எப்போதும் அழகாகத் தெரியும். இன்று கொடுத்த கடன் 90 நாள் தவணை தவற இன்னும் 90 நாளுக்கு மேல் ஆகும், அதற்குள் மொத்த ஏடு பெரிதாகிவிடும். அதனால் தவணை தவறிய தொகையை இந்தக் காலாண்டின் ஏட்டால் வகுக்காமல் முந்தைய காலாண்டின் ஏட்டால் வகுங்கள். அடுத்து, லாப நட்டக் கணக்கில் கடன் இழப்புக்கான ஒதுக்கீடு என்று ஒரு வரி இருக்கும். கடன் ஏடு வளரும் வேகத்தைவிட அந்த வரி வேகமாக வளர்ந்தால் தரம் இறங்குகிறது. மற்ற வங்கிகளின் பணத்தைக் கொண்டு தரும் கடன் சீயின் ஏட்டில் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்குபவர்களில் நிறைய பேர் ஷாப்பியில் வாங்குபவர்களும் விற்பவர்களும்தான். ஷாப்பி சலுகையை வெட்டினால் அதன் தாக்கம் முதலில் ஷாப்பியில் தெரியும், இரண்டு காலாண்டு கழித்து இந்த ஒதுக்கீட்டு வரியில் தெரியும்.